ஆற்றுக்கேற்ற ஓடம்

கேகாலை மாவட்டத்துக் கரவனெல்லவில் இரண்டு பெருந்தெருக்கள் சந்திக்கின்றன. அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்கு ஏறிச் செல்லும் தெரு ஒன்று. கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாக இறங்கி வரும் தெரு மற்றொன்று. தெருக்களைப் போலவே நீரோட்டங்களும் இப்பகுதியிற் கூடுகின்றன. கித்துல்கலையின் பாறைகளில் மோதி ஆர்ப்பரித்து வந்த களனி கங்கை, எட்டியாந்தோட்டையைக் கடந்தபின் இங்கே சற்று அகன்று, தணிந்து ஓடுகிறது. ருவன்வெலைக்கு அண்மையில் குருகொட ஓயா வந்து அதனோடு கலக்கிறது. இறப்பர் மரங்கள் நிழல் செய்யும் இக்கரைகளிலே, ஓய்வு நாட்களில் தூண்டிலும் கையுமாக இளைஞர் சிலர் அமர்ந்திருக்கும் காட்சி இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று.

அண்மைக் காலத்தில் அவ்விளைஞர் உள்ளங்களிலே ஓர் ஆசை அரும்பியிருக்கிறது. கரையிலிருந்து எறியும் தூண்டில் எட்டாத இடங்களிலேதான் பெரிய மீன்கள் வாழ்கின்றன என்பது தூண்டிற்காரர் அனைவரினதும் நம்பிக்கை. அவ்விடங்களை அடைய மரத்தோணி வாங்குவதென்றால் பணம் வேண்டும். அதனைக் கட்டிவைக்கத் துறை வேண்டும். தூக்கிச் செல்ல நால்வர் வேண்டும். காற்றடைத்த படகோ ஒரு பையில் அடங்கிவிடுகிறது. பஸ் வண்டியிற் கொண்டு செல்லலாம். லயத்து அறையின் மூலையில் வைத்துக்கொள்ளலாம். கைத்தொலைபேசியைத் திறந்தால் அத்தகைய படகுகளின் வண்ண விளம்பரங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. “இவற்றுள் எதனை வாங்கலாம்?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பெற்றோர் சிலரும் கேட்கிறார்கள்.

பெரும்பாலோர் இவ்வினாவை விலையிலிருந்து தொடங்குகின்றனர். அது தலைகீழான முறையாகும். “எந்த ஆற்றுக்கு?” என்பதே முதல் வினாவாக இருத்தல் வேண்டும். ஆற்றின் இயல்பை அறிந்தபின்னரே படகின் இயல்பைப் பற்றிப் பேச இயலும்.

களனியின் குணம்

களனி கங்கை ஏறக்குறைய 145 கிலோமீற்றர் நீளமுடையது. சிவனொளிபாதமலையை அடுத்த மலைச்சரிவுகளில் ஊறும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் பொல்பிட்டியவுக்கு அருகே ஒன்றுகூடிக் களனி என்னும் பெயரைப் பெறுகின்றன. இவ்விரு ஓயாக்களும் மனிதன் கட்டிய அணைகளைக் கடந்தே கீழே வருகின்றன. காசல்ரீ, மவுசாக்கலை என்னும் பெரிய நீர்த்தேக்கங்களும், நோட்டன், கெனியன், லக்ஷபான என்னும் சிறிய தேக்கங்களும் அவற்றை மறித்து நிற்கின்றன. விமலசுரேந்திர, லக்ஷபான, பொல்பிட்டிய முதலிய மின்நிலையங்கள் அந்நீரைக் கொண்டே இயங்குகின்றன.

இதன் பொருள் யாது? கரவனெல்லவில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு உயரக்கூடும் என்பதாம். மின்தேவை மிகும் வேளையில் நிலையங்கள் கூடுதலான நீரைக் கீழே விடும். மலையில் மழை பெருகித் தேக்கங்கள் நிரம்பினால் வான்கதவுகள் திறக்கப்படும். கினிகத்தேனை, வட்டவளை ஆகிய பகுதிகள் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழையைப் பெறுவன. அம்மழையின் ஒரு பங்கு நம் கண்ணெதிரே ஓடும் இவ்வாற்றினூடாகக் கடலை நோக்கிச் செல்கிறது. கரையில் நிற்பவர் தம் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்து ஆற்றைக் கணிப்பாராயின், அவர் பாதிக் கணக்கையே பார்த்தவராவார்.

நீரின் வேகம் பற்றிய விதியையும் மாணவர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஓடும் நீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். காலையில் இரு கைத் துடுப்புகளால் எதிர்த்துச் செல்ல முடிந்த அதே நீரோட்டத்தை, மாலையில் வேகம் இரட்டித்தபின் எவ்வளவு வலிமையுடையவராலும் எதிர்க்க முடியாமற் போவது இதனாலேதான்.

ஆட்டுத்தோலிலிருந்து இறப்பர்த் துணிக்கு

காற்றை அடைத்து அதன்மேல் மிதக்கும் கலை மிகப் பழையது. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட அசீரிய மன்னன் இரண்டாம் அசூர்நசிர்பாலின் அரண்மனைச் சிற்பங்களில், ஊதிய விலங்குத் தோல்களை அணைத்துக்கொண்டு போர்வீரர் ஆற்றைக் கடக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அச்சிற்பங்களை இன்றும் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையிற் காணலாம்.

இக்காலத்துக் காற்றுப் படகின் கதை இறப்பரோடு தொடங்குகிறது. 1823இல் சார்ள்ஸ் மக்கின்டொஷ் என்பவர் இறப்பர் பூசிய, நீர் புகாத துணிக்கு உரிமை பெற்றார். அத்துணியைக் கொண்டு 1840களில் பிரித்தானியக் கடற்படை அதிகாரியான பீற்றர் ஹல்கெற் ஒரு விந்தையான படகைச் செய்தார். காற்று நீங்கிய நிலையில் அது தோளிற் போர்த்தும் மேலங்கி. துருத்தியால் ஊதினால் ஒருவர் ஏறிச் செல்லும் ஓடம். வடதுருவப் பகுதிகளை ஆராயச் சென்ற ஜோன் ரே என்பவர் அதனைத் தம் பயணத்திற் பயன்படுத்தினார். நமது பொருளுக்கு மிகவும் வேண்டிய செய்தி யாதெனில், ஹல்கெற் தமது படகின் காற்றறையை ஒன்றாக விடாமல், தனித்தனி அறைகளாகப் பிரித்து அமைத்தார் என்பதே. ஓர் அறை கிழிந்தாலும் எஞ்சியவை தாங்கும் என்பது அவர் கருத்து. ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் உணர்ந்த இவ்வுண்மையை, இன்று விற்கப்படும் படகுகள் சில மறந்திருப்பது வியப்புக்குரியது.

சார்ள்ஸ் குட்இயர் 1844இல் இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறைக்கு உரிமை பெற்றபின் இறப்பரின் பயன் உலகெங்கும் பெருகிற்று. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட விதைகளிலிருந்து முளைத்த ஏறக்குறைய 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. சப்பிரகமுவவின் மலைச்சரிவுகளை இன்று மூடிநிற்கும் இறப்பர்த் தோட்டங்களின் வரலாறும், அவற்றிலே விடியற்காலையிற் பால்வெட்டும் நம்மவரின் வரலாறும் அங்கிருந்தே கிளைக்கின்றன.

1952இல் பிரெஞ்சு வைத்தியரான அலன் பொம்பார் என்பவர் காற்றடைத்த படகொன்றிலே தன்னந்தனியாகக் கனேரித் தீவுகளிலிருந்து புறப்பட்டு, 65 நாட்களில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து பார்படோசை அடைந்தார். “சமுத்திரத்தையே கடந்த படகு களனியைக் கடவாதா?” என்று எவரேனும் கேட்கலாம். நடுச்சமுத்திரத்தில் உரசுவதற்குப் பாறையில்லை. சிக்குவதற்கு விழுந்த மூங்கிற் புதரும் இல்லை. ஆற்றிலோ இவ்விரண்டும் வளைவுதோறும் காத்திருக்கின்றன. காற்றுப் படகுக்குக் கடலைவிட ஆறு கொடியதாவது இக்காரணத்தாலேயே.

கடையிற் காணும் வகைகள்

சிறிய காற்றுப் படகு என்ற பெயரில் இன்று விற்கப்படுபவற்றை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, விளையாட்டுப் படகு. வெறும் பிளாஸ்திக் தாளினால் ஆனது. நூற்றுணி அதனுள் இல்லை. நீச்சற் குளத்திலே குழந்தைகள் பெரியோர் பார்வையில் விளையாடுவதற்கென்றே செய்யப்பட்டது. அதன் உறையிலேயே பெரும்பாலும் அந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். மலிவானதும் அதுவே, அதிகமாக வாங்கப்படுவதும் அதுவே.

இரண்டாவது, லொறிச் சில்லின் டியூப். குளங்களிலே மீன் பிடிப்போர் இதன்மேல் பலகை கட்டி அமர்வதுண்டு. ஓட்டமில்லாத நீரில், கைதேர்ந்தவர்க்கு அது உதவலாம். ஆயினும் அதற்கு ஒரே காற்றறைதான். மேலும், வட்டமான பொருள் ஓடும் நீரிற் சுழலுமேயன்றித் திசை கொள்ளாது. ஒகேனக்கல்லிலே காவிரியில் ஓடும் வட்டப் பரிசலும் சுழலும் இயல்பினதே. வாழ்நாள் முழுதும் அதனைச் செலுத்திப் பழகிய பரிசலோட்டியின் கைத்திறமே அதனை அடக்குகிறது.

மூன்றாவது, நடுவே இருக்கை தைத்த மிதவை வளையம். இதில் அமர்பவரின் கால்கள் நீருக்குள் தொங்கும்; காலிற் பூட்டிய தட்டைத் துடுப்புகளால் உதைத்துச் செல்லவேண்டும். அசைவற்ற ஏரிகளில் இது வசதியானது. பாறையுள்ள ஆற்றிலோ தொங்கும் கால் கற்களுக்கிடையே மாட்டிக்கொள்ளும். பின்னிருந்து தள்ளும் நீர் உடலை முன்னோக்கிச் சாய்த்துவிடும். களனிக்கு இது ஆகாது.

நான்காவது, துடுப்புவளையங்களுடன் கூடிய, நூற்றுணிப் படகு. நீள்வட்ட வடிவமும், முன்புறம் சற்று உயர்ந்த மூக்கும், கடினமான அல்லது காற்றடைத்த தளமும் உடையது. ஒருவரோ இருவரோ அமர்ந்து தூண்டிலிடுவதற்கு ஏற்றது.

ஐந்தாவது, முதுகுப்பையில் அடங்கும் ஒற்றையாள் ஆற்றுப் படகும் அதன் இனத்ததாகிய காற்றடைத்த கயாக்கும். இவை ஆற்றோட்டத்துக்கென்றே வகுக்கப்பட்டவை, நிறை குறைந்தவை, விலை கூடியவை. பயிற்சி பெற்றவர் கையில் சிறப்பாகத் தொழிற்படும்.

கித்துல்கலையிலே உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய காற்றுத் தெப்பங்களைப் பலர் பார்த்திருப்பர். ‘பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ என்னும் 1957ஆம் ஆண்டுத் திரைப்படம் எடுக்கப்பட்ட இடமும் அதுவே. அத்தெப்பங்களைக் கண்டு, “அங்கே ஓடும் படகு இங்கே ஓடும்” என்று எண்ணலாகாது. அவை பல அறைகள் கொண்டவை, தடித்த துணியாலானவை, ஆற்றின் ஒவ்வொரு கல்லையும் அறிந்த வழிகாட்டி பின்னே அமர்ந்திருப்பார், ஏறுவோர் தலைக்கவசமும் உயிர்காப்பு அங்கியும் அணிவர். பெயரளவில் இரண்டும் காற்றுப் படகாயினும் தரத்தால் வெவ்வேறானவை.

ஆகவே, கரவனெல்லப் பகுதியில் ஆறு தணிந்திருக்கும் நாட்களில், அமைதியான நீர்ப்பரப்பில் தூண்டிலிட விரும்புவோர்க்கு நான்காவது வகையே பொருத்தமானது.

அளந்து பார்த்து வாங்குக

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நமது பழமொழி. ஆற்றிலே இறங்கும் ஓடத்தையும் அளந்தே வாங்குதல் வேண்டும்.

முதலில் துணியைப் பார்க்க. இரு கைகளாற் பற்றி இழுத்தால் மெல்லிய பிளாஸ்திக் தாள் நீளும். நூற்றுணியின் இருபுறமும் பீ.வி.சி. பூசிய துணி நீளாது. வெட்டிய ஓரத்தை உற்று நோக்கினால் உள்ளேயுள்ள நூலின் நெசவு தெரியும். ஏறக்குறைய 0.9 மில்லிமீற்றர் தடிப்புள்ள துணி இப்பணிக்குப் போதுமானது. இன்று விற்கப்படும் பெரும்பாலான சிறுபடகுகளில் நமது தோட்டத்து இறப்பர் இல்லை, பீ.வி.சி.யே உள்ளது. செயற்கை இறப்பராலான துணி வெயிலை அதிக காலம் தாங்கும்; விலையும் அதற்கேற்ப உயரும். இத்தகைய படகுகளுக்கென வகுக்கப்பட்ட சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ. 6185 ஆகும். படகின்மேல் ஒட்டிய தகட்டில் அவ்விலக்கமும், ஏற்றத்தகு நிறையும், ஆட்களின் தொகையும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் நன்று.

அடுத்து, காற்றறைகளை எண்ணுக. இங்கேதான் கணக்கு வேண்டும். ஆக்கிமிடீசின் விதியை எட்டாம் வகுப்பு மாணவரும் அறிவர்: மிதக்கும் பொருள் தான் இடம்பெயர்த்த நீரின் நிறையளவுக்கு மேலுதைப்பைப் பெறும். ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். எனவே, ஒரு லீற்றர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோகிராமைத் தாங்கும்.

ஒரு படகின் சுற்றுக்குழாய் 30 சென்ரிமீற்றர் விட்டமும், சுற்றிவர அளந்தால் 5½ மீற்றர் நீளமும் உடையது என்று கொள்வோம். ஆரை 0.15 மீற்றர். கனவளவு ஏறக்குறைய 389 லீற்றர். இக்குழாய் இரண்டு சம அறைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பின், ஓர் அறை கிழிந்தபின்னும் 194 லீற்றர் எஞ்சும். படகின் நிறை 12 கிலோகிராம் என்றால், மீதி 182 கிலோகிராம் தாங்கும். தலைக்கு 65 கிலோகிராம் நிறையுடைய இருவரும், 15 கிலோகிராம் பொருள்களும் சேர்ந்தால் 145. படகு சாயும், நீர் உள்ளே வரும், ஆயினும் பற்றிக்கொள்ள ஒரு மிதவை மிஞ்சும். மூவர் ஏறியிருந்தாலோ ஆட்களின் நிறை மட்டுமே 195. எஞ்சிய அறை அவர்களைத் தாங்காது.

இனி, விளையாட்டுப் படகைக் கணக்கிடுக. குழாயின் விட்டம் 20 சென்ரிமீற்றர், சுற்று நீளம் 4½ மீற்றர் என்றால் கனவளவு 141 லீற்றர் மாத்திரமே. இருவர் ஏறினால் குழாய் ஏறத்தாழ முழுவதும் அமிழ்ந்துவிடும். அதன் காற்றறை ஒன்றேயாயின், ஒரு முள் தைத்த மாத்திரத்தில் எஞ்சுவது பூச்சியம். இரு படகுகளுக்குமிடையேயுள்ள விலை வேற்றுமை எதற்காக என்பதை இக்கணக்குக் காட்டிவிடும். நூலும் அடிமட்டமும் கொண்டு எந்த மாணவரும் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

வால்வையும் தளத்தையும் கவனித்தல் வேண்டும். கடற்கரைப் பந்திலுள்ளது போன்ற சிறு மூடி, தட்டுப்பட்டாற் கழன்றுவிடும். காற்றை உள்ளே விட்டு வெளியே விடாத ஒருவழி வால்வே வேண்டற்பாலது. தளம் மெத்தென்று தொய்வதாயின் ஆள் அசையும்தோறும் படகு குழையும், நேரே செல்லாது. படகைச் சுற்றிப் பற்றுகயிறு ஓடவேண்டும். நீரில் விழுந்தவர் பிடிப்பதற்கு அதுவே கைப்பிடி. நிறம் மஞ்சளோ செம்மஞ்சளோ ஆயிருத்தல் நலம். தூரத்திலிருந்து தேடுவோர் கண்ணுக்குப் புலப்படும். நிறை 15 கிலோகிராமுக்கு மேற்படின், ஆற்றங்கரையிலிருந்து மேட்டு லயத்துக்குத் தூக்கிச் செல்வது வருத்தந் தரும் என்பதையும் மறவற்க.

வாங்கியவுடன் ஆற்றுக்கு ஓடாமல், வீட்டு முற்றத்தில் நிறையக் காற்றடித்து ஓர் இரவு வைத்துப் பார்க்க. சவர்க்கார நீரைப் பொருத்துகளின்மேற் பூசினால், கசிவுள்ள இடத்திலே குமிழி எழும்.

வெயிலும் காற்றும்

அடைத்த காற்று சூடேறினால் அமுக்கம் கூடும். இக்கணக்கும் வியப்பானது. காலையில் 30 பாகை செல்சியசு வெப்பநிலையில், சதுர அங்குலத்துக்கு 2½ இறாத்தல் அமுக்கத்துக்குக் காற்றடித்துக் கரை மணலில் விட்டுச் செல்கிறோம். நண்பகலில் உள்ளிருக்கும் காற்று 50 பாகையை எட்டினால், அமுக்கம் ஏறக்குறைய 3.6 இறாத்தலாகிவிடும். வளிமண்டலத்தின் 14.7 இறாத்தலும் கணக்கிற் சேர்வதால், வெப்பநிலையின் சிறு மாற்றம் படகின் அமுக்கத்தில் இத்துணைப் பெரிய மாற்றத்தை விளைவிக்கிறது. பொருத்துகள் பிளப்பது இதனாலேயே. ஆகவே, கரையேறியதும் படகை நிழலில் வைத்துச் சிறிது காற்றைத் தணித்துவிடல் வேண்டும். இதற்கு மாறாக, வெயிலிற் காற்றடித்த படகைக் குளிர்ந்த ஆற்றில் இறக்கினால் அது தளர்ந்துபோகும். நீரிலிட்டுச் சில நிமிடங்கள் கழித்து மீண்டும் பம்பியால் அடித்துச் சரிபார்த்தபின்னரே ஏறவேண்டும்.

படகோடு வாங்கவேண்டியவை

உயிர்காப்பு அங்கி இல்லாத படகு, படகின் பாதியே. 50 நியூற்றன் மிதப்புள்ள அங்கி, நன்கு நீந்தத் தெரிந்தவர்க்கு, உதவி அருகிலிருக்கும் இடத்துக்கு மட்டும் போதும். ஏனையோர்க்கு 100 நியூற்றன் அங்கியே தகும். “வளர்ந்த பின்னும் உதவட்டும்” என்று பிள்ளைக்குப் பெரிய அளவு வாங்குவது பாடசாலைச் சட்டைக்குப் பொருந்தலாம். உயிர்காப்பு அங்கிக்குப் பொருந்தாது. பெரிய அங்கி நீரிலே தலைக்கு மேலே கழன்றுவிடும்.

நைலோன் கயிறு ஒன்று, ஊதுகுழல் ஒன்று, உறையிட்ட கத்தி ஒன்று, பம்பி, ஒட்டுத்துணியும் பசையும் என்பன ஏனைய தேவைகள். ஓடும் நீரில் நங்கூரமிடுவது பெருந் தவறு. கயிறு இறுகியதும் படகின் ஓரம் நீருக்குள் இழுக்கப்படும். தூண்டில் முட்களைத் தக்கையிற் குத்திவைத்தல் வேண்டும். கெளிற்றின் செட்டை முள் படகின் பகையென்பதைத் தூண்டிற்காரர் நினைவிற் கொள்க. பிடித்த மீனைத் தளத்திலே துள்ளவிடாமல் வாளியில் இடுதல் படகுக்கும் நல்லது, காலுக்கும் நல்லது.

இறங்கலாகாத வேளைகள்

தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்குகிறது. இடைப்பருவ மழை ஒக்டோபர், நவம்பரிற் பிற்பகல் இடியோடு வருகிறது. 2016 மே 17ஆந் திகதி இதே கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து பல உயிர்களைக் கொண்டுசென்றதையும், அதே மழையினாற் களனியின் கீழ்ப்பகுதி வெள்ளத்தில் ஆழ்ந்ததையும் நாடு மறக்கவில்லை. இத்தகைய காலங்களில் எந்தப் படகும் தகுந்த படகன்று.

தெளிந்த நாளிலும் சில அடையாளங்களைக் கவனித்தல் வேண்டும். நீர் விளிம்பிலே ஒரு குச்சியை நட்டுவைத்து அடிக்கடி பார்க்க. நீர் குச்சியைத் தாண்டினால் கரையேறுக. தெளிந்த நீர் செம்மண் நிறங்கொள்ளுதல், இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருதல், ஓசை மாறுதல் ஆகிய மூன்றும் மேலே நீர் பெருகியதன் அறிகுறிகள். நீர்ப்பாசனத் திணைக்களம் கித்துல்கல, கிளென்கோர்ஸ் ஆகிய இடங்களில் களனியின் நீர்மட்டத்தையும், ஹொலொம்புவவிலே குருகொட ஓயாவின் நீர்மட்டத்தையும் அளந்து வருகிறது. இடர் வேளையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம்.

மணல் அகழ்ந்த இடங்களில் முழங்காலளவு நீர் ஓரடியில் ஆளுயரமாகும். கரையோர மூங்கில்கள் சாய்ந்து நீரில் அமிழ்ந்திருக்கும் இடம் மிகக் கொடியது. நீர் அதனூடே புகுந்து செல்லும், ஆளும் படகும் சிக்கிக்கொள்ளும். படகு கவிழ்ந்தால் எழுந்து நிற்க முயலாமல், மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கரையை நோக்கிக் கைகளால் வலித்துச் செல்லல் வேண்டும். தனியே செல்வதும், இருட்டிய பின் செல்வதும், மது அருந்திச் செல்வதும் ஒருபோதும் கூடா. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் எலிக்காய்ச்சல் மிகுதி. காலிற் புண்ணுள்ளவர் ஆற்றில் இறங்குதல் தகாது. இறங்கியபின் காய்ச்சல் கண்டால், “ஆற்றுக்குச் சென்றிருந்தேன்” என்பதை வைத்தியரிடம் மறைக்காமற் சொல்லவேண்டும்.

பிடிக்கும் மீனும் விடும் மீனும்

1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று எங்கும் பெருகியுள்ளது. அதனைப் பிடித்து உண்பதில் ஆற்றுக்கு இழப்பில்லை. ஆயினும், களனியின் கிளைகளிலே உலகில் வேறெங்குமில்லாத சிறுமீன்களும் வாழ்கின்றன. கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடைக்கு அருகேயுள்ள ஓடையிற் கண்டறியப்பட்டு, 1991இல் விஞ்ஞான உலகுக்கு அறிவிக்கப்பட்ட பந்துல பெத்தியா என்னும் மீன் அவற்றுள் ஒன்று. அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அது கணிக்கப்படுகிறது. ஆதலின், விரலளவு மீன்களை வலையால் வாரி எடுக்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் தடைசெய்துள்ளது.

பெற்றோர்க்கு ஒரு சொல்

நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர்க்கு, நான் மேலே விதந்துரைத்த படகின் விலை பெருஞ்சுமை என்பதை அறிவேன். பிள்ளையின் ஆசையை மறுக்க மனமின்றி, கையிலுள்ள பணத்துக்கு விளையாட்டுப் படகொன்றை வாங்கிக் கொடுக்கும் தந்தையின் அன்பையும் குறைகூற முடியாது. ஆயினும் அப்பணத்துக்கு நல்ல உயிர்காப்பு அங்கி ஒன்றும், நீண்ட தூண்டிற் கோல் ஒன்றும் வாங்கலாம். கரையிலிருந்தே தூண்டிலிடலாம். நீந்தக் கற்பித்தலை முதலாவது செலவாகக் கொள்ளலாம். படகு இரண்டாண்டு பிந்தினால் நட்டமில்லை. நண்பர் நால்வர் கூடிப் பணம் சேர்த்து, நல்ல படகொன்றைப் பொதுவில் வாங்கி, முறைவைத்து ஒருவர் இருவராகச் செல்வதும் சிறந்த வழியே. அப்போது கரையில் காவல் நிற்பதற்கும் ஆள் இருப்பர்.

கடைக்காரரிடம் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டே. “இதற்கு எத்தனை காற்றறை?” என்பது ஒன்று. “ஓர் அறை போனபின் இது எத்தனை பேரைத் தாங்கும்?” என்பது மற்றொன்று. இரண்டாவது வினாவுக்கு விடை கூற இயலாத படகை, அது எவ்வளவு அழகியதாயினும், எவ்வளவு மலிவாயினும், களனியில் இறக்கவேண்டாம். மீன் அடுத்த ஞாயிறும் ஆற்றிலேதான் இருக்கும்; அதனைப் பிடிக்கப் பிள்ளை வீட்டில் இருத்தல் வேண்டும்.